கிண்ணியா, மாலை நாலு பத்து

தாளில் மூன்று நிரல்:
முன்னால் என்ன நடந்தது,
அவன் என்ன செய்தான்,
பின்னால் என்ன நடந்தது.
"கோபப்பட்டான்" என்று எழுதக் கூடாது.
கோபத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை.
"தலையைச் சுவரில் இடித்தான், பதினொரு தடவை"
என்று எழுதலாம்.

"ஜின் எண்டு சொன்னாங்க மிஸ்,
தண்ணி ஓதிக் குடுத்தம், நூலும் கட்டினம்"
என்றார் ஜெஸீமா.
நூல் இமாத்தின் மணிக்கட்டில் அழுக்கேறிக் கிடந்தது.

ஆறு நாள் மூலைக் கதிரையில் இருந்து பார்த்தேன்.
முதல் நிரலில் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை:
மீன் லொறி, மிக்சி, தங்கச்சியின் தும்மல்,
ஒருநாள் ஒன்றுமே இல்லை.
மூன்றாவது நிரலில் மட்டும்
ஆறு நாளும் ஒரே வரி:
வாப்பா தூக்கிப்போய்
மோட்டார் சைக்கிள் டாங்கியில் இருத்தி
பாலத்தின் நடுவரை ஓட்டினார்.
அலறிப் போனவன்
காற்றில் நனைந்தவன் மாதிரித் திரும்பி வந்தான்.

அட, ஜின்னே,
உனக்குப் பாலமா வேண்டும்.

வேறு சொல் இல்லாத பிள்ளை
சுவரிடம் கடன் வாங்கிய சொல் அது.
ஒவ்வொரு முறையும் பலித்த சொல்லை
எதற்குக் கைவிடுவான்?

பாலத்தைப் படமெடுத்து, வெட்டி,
லாமினேற் பண்ணி அட்டையாக்கினேன்.
அட்டை தந்தால் உடனே பாலம்.
அலறினால் சுவரில் மெத்தை, தலைக்கு என் உள்ளங்கை,
பாலம் மட்டும் இல்லை.
என் கை அவன் விரல்களின் மேல்.
பிறகு மணிக்கட்டில், அந்த நூலருகே.
பிறகு முழங்கையில்.
பிறகு தோளுக்கு அருகே, தொடாமல்.

கூடும், குறைவதற்கு முன் கூடும்
என்று சொல்லியிருந்தேன்.
இவ்வளவு கூடும் என்று சொல்லவில்லை.
ஒன்பதாம் நாள் நாற்பத்திரண்டு நிமிடம்.
பக்கத்து வீட்டார் தகரத்தில் தட்டினார்கள்.
கமர்தீன் நானா திறப்பைக் கையில் எடுத்தார், வைத்தார், எடுத்தார்.
"ஒரு தரம் மட்டும், மிஸ்."

கோட்டை வாசல் மான்களைப் பாருங்கள், என்றேன்.
பத்துப் பேரில் ஒருவர்தான் வாழைப்பழத் தோல் எறிகிறார்.
அந்த ஒருவருக்காக
ஒன்பது பேரின் பைகளையும் முகர்ந்துகொண்டு
நாள் முழுக்க நிற்கின்றன.
அவர் திறப்பை ஆணியில் மாட்டினார்.
அன்று பஸ்ஸில் வரும்போது
என் உள்ளங்கை நடுங்கிக்கொண்டிருந்தது.
அதற்குத் தாளில் இடமில்லை.

பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு
தூங்கும் தகப்பனின் நெஞ்சில்
அட்டையை வைத்திருக்கிறான்.
அலறவில்லை. வைத்துவிட்டு நின்றிருக்கிறான்.
தொடக்கத்தில் ஒருமுறைகூடத் தவறக் கூடாது
என்று நான் சொன்னதை நினைத்து
மனுசன் சாரத்தோடு எழும்பிப் போயிருக்கிறார்.
பாலத்தில் இவர்கள் இருவரும், ஒரு நாயும்.

கொழும்பிலிருந்து வந்த மேற்பார்வையாளர் கேட்டார்:
கைகளை உதறுகிறானே,
அதை ஏன் இலக்கில் சேர்க்கவில்லை?
யாருக்கும் வலிக்கவில்லை, என்றேன்.
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
நான் படித்த காலத்தில்
இரண்டு பிள்ளைகளின் கைகளை மடியில் அடக்கிவைத்து
நல்ல புள்ளி வாங்கியவள்.
அந்தக் கைகள் இப்போது எங்கே இருக்கின்றனவோ.

போன செவ்வாய், நாலு பத்து.
அட்டையின் மூலை கடிபட்டு உரிந்திருந்தது,
புதிது செய்து கொண்டுபோயிருந்தேன்.
அவன் அதை வாங்கவில்லை.
வாசலைப் பார்த்தான்,
இரண்டு கையையும் உதறினான்,
"பா" என்றான்.

வாப்பாவின் கடைசி எழுத்து.
பாலத்தின் முதல் எழுத்து.

ஜெஸீமா குசினியிலிருந்து ஓடிவந்தார்:
"வாப்பாவத்தான் கூப்பிட்டான், எழுதுங்க மிஸ்!"
கண்டதையும் கேட்டதையும்தான் எழுதலாம்.
நடு நிரலில் எழுதினேன்: பா. ஒரு தடவை.

மூன்றாவது நிரலுக்கு நான் பேனையைக் கொண்டுபோகும் முன்பே
வெளியே
மோட்டார் சைக்கிள் இரண்டாம் உதையில் பற்றிக்கொண்டது.